முப்பத்தெட்டாம் எண் கம்பளி

ஏப்ரல் என்று நாட்காட்டி சொல்கிறது.
லாட்வியாவின் இந்த மூலையில்
மண் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.
மண்வெட்டியை ஊன்றினால் ஒரு விரற்கடை இளகி
அதற்குக் கீழே ணங்கென்கிறது.
பிர்ச் மரத்தில் துளையிட்டு வாளி கட்டியிருக்கிறேன்.
அது மட்டும் சொட்டுச் சொட்டாக
சொன்ன தேதிக்குக் கொடுக்கிறது.

என் வியாபாரம் அப்படியில்லை.
குளிர் விடப்போகிற நேரத்தில் யார் கம்பளி வாங்குவார்கள்?
பிப்ரவரி முழுக்க மூன்று கைத்துண்டு, ஒரு மேசைவிரிப்பு.
அதில் விதை வாங்கினேன்,
கண்ணாடிக் குடிலுக்கு ஒரு சில்லு மாற்றினேன்,
நூல்காரருக்குப் பாதி பாக்கி.
ஆகவே ப்ரேமனிலிருந்து வீப்கே என்று ஒருத்தி
சாம்பலும் மஞ்சளும் கலந்து
இரட்டைக் கட்டில் அளவில் ஒன்று கேட்டபோது
தறியை முத்தமிட்டேன் என்றால் நம்பவேண்டாம்.
தொட்டுப்பார்த்தேன், அவ்வளவுதான்.

பதினொரு நாள் நெய்தேன்.
தறிக்கும் தக்காளி நாற்றுக்கும்
ஒரே சன்னல் வேண்டியிருந்தது.
தட்டுகளைத் தூக்கித் தறிச்சட்டத்தின் மேலேயே வைத்தேன்.
நான் மிதிக்கும்போதெல்லாம்
நாற்றுகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின,
எதற்கென்று கேட்காமலே.

மடித்து, எண் எழுதி, விலாசம் ஒட்டிய இரவு
பக்கத்துப் பண்ணை ஐவார்ஸ் ஃபோன் செய்தார்:
"விஸ்மா, மைனஸ் ஒன்பதாம். உன் பட்டாணி?"

குடிலில் முளைவிட்ட பட்டாணி, கீரை,
முட்டைக்கோசுக் குஞ்சுகள்.
பனித்துணியைத் தேடினால் எலி பிரசவம் பார்த்திருக்கிறது.
பழைய படுக்கைவிரிப்பு?
எல்லாவற்றையும் கந்தல் பாய்க்கென்று
நானே கிழித்து உருண்டை பிடித்துவிட்டேன்.
திரைச்சீலை? அதுவும் அந்த உருண்டையில்தான்.
நெசவுக்காரி வீட்டில் அன்றிரவு
முழுத்துணி ஒன்றே ஒன்று இருந்தது.
அதன்மேல் வேறொருத்தி பெயர் இருந்தது.

விளக்கை அணைத்துவிட்டுப் போர்த்தினேன்,
யாரோ பார்ப்பதுபோல.

விடிந்தபோது வாளியின் சாறு கட்டி.
குடிலின் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் பூ.
கம்பளியை ஒரு முனையில் தூக்கினேன்,
உள்ளேயிருந்து வெதுவெதுவென்று
மண்வாசனை முகத்தில் அடித்தது.
ஒன்றுகூடச் சாகவில்லை.

துவைத்தால் காய நான்கு நாள்.
கூரியர் மதியம் வருகிறான்.
அடுப்பருகே தொங்கவிட்டு, பிரஷ் போட்டு,
மோந்து, மறுபடி மோந்து,
'புதியது' என்று அச்சடித்த அட்டையைக்
கடைசியாகக் கட்டினேன்.
முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம்:
கம்பளி மிக அழகு.
மடிப்புக்குள் ஒரு பட்டாணி இருந்தது,
சின்ன வாலோடு.
இது உங்கள் நாட்டு வழக்கமா?

உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன்.
'அன்புள்ள வீப்கே' வரைக்கும் உண்மைதான்.
பிறகு கை எழுதியது: ஆமாம்,
இங்கே வசந்தத்தில் அப்படித்தான் அனுப்புவோம்.

வினை அங்கே ஆரம்பித்தது.
அவள் சிநேகிதி ஓல்டன்பர்கிலிருந்து
இரண்டு சால்வை கேட்டாள், 'பட்டாணியோடு'.
சிநேகிதியின் அத்தைக்கு ஆறு கைத்துண்டு.
தயிர்க் கோப்பையில் நட்டுப்
படம் எடுத்து அனுப்புகிறார்கள்,
மூன்றாம் மாடி சன்னலில், மழைக்கு முன்னால்.
மாதக் கணக்கு எழுதும் இனேஸே கேட்டாள்,
இதை எந்தச் செலவில் போடுவது என்று.
"தெரியவில்லை" என்றேன்.
"அபராதம் என்று ஒரு தலைப்பு உண்டா?"

என் பாத்தியில் நான்காவது வரிசையில்
ஒரு குழி காலி.
ஐவார்ஸ் காக்காயைத் திட்டுகிறார்.
நான் காக்காய்க்குப் பரிந்து பேசவில்லை.

தறிப் பலகையில் இப்போது ஒரு கிண்ணம்.
ஒரு பொட்டலத்துக்கு ஒன்று.
முளைக்காத பழசாகப் பார்த்துப் போட்டால்
யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன்.
விரல்கள் கேட்பதில்லை.
துழாவித் துழாவி
கெட்டியானதாக, பச்சையானதாக எடுத்து
மடிப்புக்குள் வைக்கின்றன.